தேகத்தின் அவயவங்களும் தளர்த்தும் மருந்தும்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் என்று பல ஊர்ச் சபைகளிலிருந்தும் வெயிலைப் பாராமல் வந்திருக்கிறீர்கள். பிரசங்கம் கேட்க வந்த இடத்தில் மருந்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் நினைக்கக்கூடும். நான் மருத்துவன் அல்ல, இறையியல் படித்தவன். ஆனாலும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உறவினர்களோடு உட்கார்ந்து ஜெபிப்பது என் அன்றாட ஊழியம். அங்கே என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி ஆபரேஷனைப் பற்றியது அல்ல. "ஐயா, மயக்கம் தெளிஞ்சிருமுங்களா?" என்பதே. இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் சொல்லவேண்டும் என்றுதான் மயக்கவியல் மருத்துவர்களிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதில் முக்கியமான ஒரு பகுதியை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மயக்கம் கொடுப்பது என்றால் தூங்க வைப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அதில் மூன்று காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, நோயாளி நினைவின்றித் தூங்கவேண்டும். இரண்டு, வலி தெரியக்கூடாது. மூன்று, தசைகள் தளரவேண்டும். வயிற்றைத் திறந்து குடலில் வேலை செய்யும்போது வயிற்றுத் தசை பலகைபோல் விறைத்திருந்தால் மருத்துவரின் கை உள்ளே போகாது. மூச்சுக்குழாயில் குழாய் வைக்கும்போது குரல்வளை இறுக மூடிக்கொண்டால் குழாய் இறங்காது. ஆகவே தளர்ச்சி வேண்டும்.

ஈதர் என்னும் மயக்க மருந்து 1846ஆம் ஆண்டு அமெரிக்காவில் பொதுமக்கள் அறியப் பயன்படுத்தப்பட்டது. அடுத்த சுமார் நூறு ஆண்டுகள், தசை தளரவேண்டுமானால் ஈதரையோ குளோரோபாரத்தையோ அதிகம் அதிகமாகக் கொடுப்பதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. வயிறு தளரும் அளவுக்குக் கொடுத்தால் மூச்சும் இருதயமும் தளர்ந்து போகும் அபாயம் இருந்தது. வயதானவர்களும் பலவீனமானவர்களும் இதைத் தாங்குவது கடினம்.

1942ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி கனடா தேசத்தின் மான்ட்ரியல் நகரில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. ஹெரால்ட் கிரிஃபித் என்னும் மயக்கவியல் மருத்துவர், இனிட் ஜான்சன் என்னும் இளம் பெண் மருத்துவரோடு சேர்ந்து, குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த இளைஞர் ஒருவருக்குக் க்யூராரே என்னும் மருந்தைக் கொடுத்தார். க்யூராரே என்பது தென் அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவிய விஷம். குறைந்த மயக்கத்திலேயே அந்த இளைஞரின் வயிறு மெழுகுபோல் தளர்ந்தது. 1946ஆம் ஆண்டுக்குள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் செசில் கிரே, ஜான் ஹால்டன் என்னும் இருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து, அந்த அனுபவத்தை வெளியிட்டார்கள்.

இந்த மருந்து தூக்கத்தையும் தருமா, வலியையும் குறைக்குமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. ஸ்காட் ஸ்மித் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் சொந்த உடம்பிலேயே இதைச் சோதித்து, 1947இல் அதை வெளியிட்டார். மருந்து ஏறியதும் விரலைக்கூட அசைக்க முடியவில்லை. மூச்சும் நின்றது, மற்றவர்கள் அவருக்காகச் சுவாசம் கொடுத்தார்கள். ஆனால் அவருடைய நினைவு முழுவதும் தெளிவாக இருந்தது. பேசியது கேட்டது, வலி தெரிந்தது. தசை தளர்த்தும் மருந்து மனதைத் தொடுவதில்லை என்பது அன்று நிச்சயமாயிற்று. அதனால்தான் மருத்துவர்கள் முதலில் நன்றாகத் தூங்க வைத்த பிறகே இதைக் கொடுக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைவின்றிப் படுத்திருப்பவர் அருகே நின்று, "இவரு இனிப் பிழைக்க மாட்டாரு" என்று பேசாதீர்கள் என நான் உறவினர்களைக் கேட்டுக்கொள்வதும் இதனால்தான். அசைவு இல்லை என்பதை வைத்து, காதும் கேட்கவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நரம்பின் நுனிக்கும் தசைக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. மூளையின் கட்டளை நரம்பின் வழியாக வந்ததும், நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்படும். அது சாவியைப் போன்றது. தசையின்மேல் அதற்கேற்ற பூட்டுகள் ஆயிரமாயிரமாக இருக்கின்றன. சாவி பூட்டில் சேர்ந்தால் தசை சுருங்கும். க்யூராரே வகை மருந்து, திண்டுக்கல் பூட்டில் பொருந்தாத சாவியைச் சொருகி வைத்ததுபோல் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். உண்மைச் சாவி வந்தாலும் நுழைய முடியாது. நரம்பு நன்றாக இருக்கும், தசையும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் இடையே தொடர்புதான் அற்றுப்போகும். இதைப் பிரான்சு தேசத்து அறிஞர் கிளாட் பெர்னார் 1850களிலேயே தவளைகளை வைத்துக் காட்டிவிட்டார்.

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். எல்லாத் தசையும் இந்த மருந்துக்கு ஒன்றுபோல் கீழ்ப்படிவதில்லை.

முதலாவது, இருதயம் தளர்வதில்லை. அதன் தசை வேறு வகை. நரம்பு வந்து கட்டளையிட்டால்தான் துடிக்கும் என்பதில்லை. குடலும் கர்ப்பப்பையும் அப்படியே, அவற்றில் இந்தப் பூட்டு இல்லை. நாம் நினைத்தவுடன் அசைக்கக்கூடிய தசைகள் மட்டுமே இந்த மருந்துக்கு உட்படுகின்றன.

அந்தத் தசைகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றினால் முதலில் கண் இமை சாயும், பார்வை இரண்டாகத் தெரியும். பிறகு முகம், தொண்டை, கழுத்து, கைகால் என்று வரிசையாகத் தளரும். பின்பு வயிறு, விலா எலும்புகளின் நடுவே உள்ள தசை. கடைசியாகத்தான் உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் விரிந்திருந்து நம்மைச் சுவாசிக்கச் செய்யும் பெரிய தசை அது.

இந்த வரிசை நம் கிராமத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. ராத்திரி தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் அநேகமாய் வலியே இருக்காது. விடியற்காலையில் இமை தூக்க முடியாமல் போகும்; எச்சில் விழுங்க முடியாது; கழுத்து நிற்காது; பிறகு மூச்சுத் திணறும். நல்லபாம்பின் விஷமும் இதே இடத்தைத்தான் தாக்குகிறது. நல்லபாம்பு விஷம் பூட்டுகளை அடைக்கிறது. கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையே சேதப்படுத்துகிறது. அதனால்தான் கட்டுவிரியன் கடிபட்டவருக்குச் சில வேளைகளில் நாட்கணக்காகச் சுவாசக் கருவி தேவைப்படுகிறது. இமை சாய்வது முதல் மணியோசை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மந்திரிப்பவரிடம் போகாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பிழைக்க வழி உண்டு.

உதரவிதானத்தைத் தளர்த்த, கட்டைவிரலை உள்ளே இழுக்கும் சிறு தசைக்குத் தேவையான மருந்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். காரணம் என்னவென்றால், பெரும்பாலான தசைகளில் தேவைக்கு அதிகமான பூட்டுகள் உண்டு. நூற்றில் எழுபது எழுபத்தைந்து அடைபட்ட பிறகுதான் பலவீனம் வெளியே தெரியத் தொடங்கும். உதரவிதானத்திலோ தொண்ணூறு அளவுக்கு அடைபடவேண்டும். உயிரைக் காக்கும் தசைக்கு இருப்பு அதிகம். நம்மைப் படைத்தவரின் ஞானத்தை எண்ணி நான் ஆச்சரியப்படும் இடம் இது.

இன்னொரு விசேஷமும் உண்டு. இக்காலத்தில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அல்ல, முழு அளவை ஒரே தடவையில் ஊசியில் கொடுக்கிறார்கள். உதரவிதானத்துக்கும் குரல்வளைத் தசைக்கும் இரத்த ஓட்டம் அதிகம். ஆகையால் மருந்து அங்கே சீக்கிரம் போய்ச் சேரும், சீக்கிரம் தளரும், சீக்கிரமே தெளியும். கட்டைவிரல் தாமதமாகத் தளர்ந்து தாமதமாகத் தெளியும். நெற்றிப் புருவத்தைச் சுருக்கும் தசை உதரவிதானத்தைப் போலவே முந்தித் தெளியும்.

இதனால் நோயாளிக்கு என்ன என்று கேட்பீர்கள். ஆபரேஷன் முடிந்தபின் மருந்தின் வேகம் தணிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சிறு கருவி உண்டு. மணிக்கட்டில் உள்ள நரம்புக்கு அரை விநாடிக்கு ஒன்றாக நான்கு மெல்லிய மின் தூண்டுதல் கொடுப்பார்கள். கட்டைவிரல் நான்கு முறை துடிக்கும். மருந்து மீதி இருந்தால் நான்காவது துடிப்பு முதல் துடிப்பைவிடப் பலவீனமாக இருக்கும். இந்த முறையை 1970இல் வெளியிட்டவர்களும் லிவர்பூல்காரர்களே. அவர்களில் செசில் கிரேயும் ஒருவர். முன்பு நான்காவது துடிப்பு முதல் துடிப்பில் நூற்றுக்கு எழுபது பங்கு இருந்தால் போதும் என்றார்கள். இப்போது தொண்ணூறு பங்காவது வேண்டும் என்கிறார்கள்.

எழுபது ஏன் தொண்ணூறு ஆயிற்று? இங்கேதான் தொண்டை வருகிறது. உணவையும் எச்சிலையும் சரியான வழியில் தள்ளி, மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காக்கும் தொண்டைத் தசைகள் மிகவும் மென்மையானவை. அவை தாமதமாகத்தான் பலம் பெறுகின்றன. 1990களில் ஸ்வீடன் தேசத்தில் ஆரோக்கியமான மனிதர்கள் தாங்களாகவே முன்வந்து இந்த மருந்தை ஏற்றிக்கொண்டு சோதனைக்கு உட்பட்டார்கள். விழித்திருந்தார்கள், தாங்களே சுவாசித்தார்கள். ஆனாலும் கட்டைவிரலின் பலம் தொண்ணூறு பங்கை எட்டும்வரை பலருக்கு விழுங்குவது தடுமாறிற்று. விழுங்கியது மூச்சுக்குழாயின் பக்கமாய்ப் போயிற்று.

கவனியுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஏனென்றால் உதரவிதானம் முந்தித் தெளிந்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்க்கிறார், பேர் சொன்னால் திரும்புகிறார். பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் தொண்டை இன்னும் முழுப்பலத்தோடு காவலில் நிற்கவில்லை. அந்த இடைவேளையில் எச்சிலோ வாந்தியோ நுரையீரலுக்குள் இறங்கினால், ஆபரேஷன் நன்றாக முடிந்தும் நோயாளியை இழக்க நேரிடலாம். புருவத் துடிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்தாலும் இதே ஏமாற்றம் உண்டாகும். தலையை ஐந்து விநாடி தூக்கிக் காட்டச் சொல்வது பழைய வழக்கம். நல்ல வழக்கந்தான், ஆனால் அது மட்டும் போதாது என்று இப்போது தெரிந்திருக்கிறது.

இதை நான் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நம் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்ததும், தாயின் மனது தாங்குவதில்லை. "சிஸ்டர், எம் பையன் ராத்திரியிலிருந்து ஒண்ணுங் குடிக்கலீங்க, ஒரு வாய் காப்பித் தண்ணி குடுத்துக்கறனுங்க" என்று டம்ளரோடு நிற்கும் தாய்மாரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, தொண்டை இன்னும் முழுசாத் தெளியல" என்று சிஸ்டர் தடுத்தால் சிலருக்குக் கோபம் வருகிறது. இரக்கமில்லாதவள் என்று பேசுகிறார்கள். அன்பானவர்களே, அந்த வேளையில் டம்ளரைத் தடுப்பதுதான் இரக்கம். சிஸ்டர் அனுமதி கொடுக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். உதடு காய்ந்தால் நனைத்த பஞ்சால் அவர்களே துடைத்துவிடுவார்கள்.

மருந்தின் மீதியை மாற்றவும் மருந்துகள் உண்டு. நியோஸ்டிக்மின் என்பது உண்மைச் சாவிகளை அழியவிடாமல் பெருகச் செய்து, அடைத்த மருந்தை ஒதுக்குகிறது. நல்லபாம்பு கடிக்கும் இதையே கொடுப்பது உண்டு. 2008இல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்ட சுகமாடெக்ஸ் என்னும் மருந்து, ரோக்குரோனியம், வெக்குரோனியம் என்னும் இரண்டு தளர்த்தி மருந்துகளையும் தன்னுள் பொதிந்துகொண்டு செயலறச் செய்கிறது.

இனி நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு காரியம். சக்சினைல்கோலின் என்று ஒரு தளர்த்தி மருந்து இருக்கிறது. அவசர ஆபரேஷனில், விபத்தில் அடிபட்டு வயிறு நிறைய உணவோடு வருபவருக்கு, ஒரு நிமிஷத்தில் குழாய் வைக்க இது உதவுகிறது. கொடுத்தவுடன் முகம், கழுத்து, கைகால் என்று தசைகள் துடிதுடித்து அடங்கும். ஐந்து பத்து நிமிஷத்தில் தானாகவே தெளிந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் தெளிவதற்குக் காரணம், இரத்தத்தில் இருக்கும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. அது அந்த மருந்தைத் துண்டாக்கிவிடுகிறது.

சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்வதில்லை. அவர்களுக்கு இந்த ஊசி போட்டால் ஐந்து நிமிஷத்தில் வரவேண்டிய மூச்சு மணிக்கணக்காக வராது. உலகத்தில் இது அபூர்வம். ஆனால் நம் பக்கத்து ஆரிய வைசிய சமூகத்தாரிடையே இது மிக அதிகமாகக் காணப்படுகிறது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து, அந்த நொதியின் 307ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதே காரணம் என்று 2006இல் வெளியிட்டார்கள். அவர்களே அடுத்த ஆண்டு, இந்தக் குறை உள்ளவர்கள் மற்ற எல்லாவற்றிலும் ஆரோக்கியமாக வாழ்கிறார்கள் என்றும் தெரிவித்தார்கள். இது எந்தச் சமூகத்துக்கும் இழுக்கு அல்ல. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எந்த ஜனத்திலும் இப்படி ஏதாவது ஒன்று தங்கியிருக்கக்கூடும். ஈரான் தேசத்து யூதர்களிடமும் இந்த நொதியின் குறை அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது.

நொதி பிறவியில் நன்றாக இருந்தாலும், நம் சமவெளியில் அதைக் குறைக்கும் இன்னொரு காரணம் இருக்கிறது. அதுதான் பூச்சிமருந்து. பருத்திக்கும் காய்கறிக்கும் அடிக்கிற குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் இதே நொதியை முடக்குகின்றன. முகத்தில் துணி கட்டாமல், கையுறை இல்லாமல் நாள்தோறும் தெளித்தவருக்கோ, விஷமருந்தைக் குடித்துப் பிழைத்து வந்தவருக்கோ நொதியின் அளவு இறங்கியிருக்கும். அவருக்கும் சக்சினைல்கோலின் நெடுநேரம் நிற்கக்கூடும்.

இப்படி நேர்ந்தால் உயிர் போய்விடுமா? போகாது, ஒருவர் பக்கத்தில் இருந்து அவருக்காகச் சுவாசம் கொடுத்துக்கொண்டே இருந்தால். மயக்கவியல் மருத்துவர் நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்து, கருவியின் மூலமாகவோ கையால் பையை அழுத்தியோ மணிக்கணக்காகக் காத்திருப்பார். மருந்து மெதுவாகத் தானே தணியும். அவசரப்படாமல் காத்திருப்பதுதான் சிகிச்சை.

முன்கூட்டியே தெரிந்தால் இந்தக் காத்திருப்பே தேவையில்லை. வேறு மருந்து கொடுத்துவிடுவார்கள். ஆகவே உங்கள் ஊர்களுக்குத் திரும்பிப் போகும்போது மூன்று செய்திகளை எடுத்துச் செல்லுங்கள். முதலாவது, உங்களுக்கோ உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெற்றோருக்கோ ஆபரேஷனுக்குப் பிறகு மயக்கம் தெளிய வெகுநேரம் ஆயிற்று, மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள் என்ற வரலாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, தோட்டத்தில் மருந்தடித்தவர் அதை மறைக்கவேண்டாம். விஷங்குடித்த விஷயத்தைக் குடும்ப மானம் கருதி மறைப்பது ஆபத்து. மருத்துவரிடம் தனியாகச் சொல்லலாம், எங்களிடம் சொன்னாலும் இரகசியம் காப்போம். மூன்றாவது, மயக்கம் தெளிந்தவருக்குச் சிஸ்டர் சொல்லும்வரை வாயில் எதுவும் கொடுக்கவேண்டாம்.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். ஒரே சரீரம், பல அவயவங்கள். பலவீனமாகக் காணப்படும் அவயவங்களும் மிகவும் வேண்டியவை என்று அவர் போதிக்கிறார். தியேட்டரின் வாசலில் அந்த அதிகாரத்தை நான் வேறொரு விதமாய்ப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பலமுள்ள உதரவிதானம் தெளிந்துவிட்டது என்று திருப்தியடைந்தால் போதாது. கடைசியாகத் தெளியும் சிறு விரலும் மென்மையான தொண்டையும் பலம் பெற்றனவா என்று பார்க்கவேண்டும். சபையிலும் அப்படியே. முந்தி எழுந்து நடப்பவர்களைப் பார்த்து எல்லாரும் சுகம் என்று எண்ணிவிடாமல், தாமதமாய் எழும்புகிறவர்களின் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கவேண்டும்.

"மயக்கம் தெளிஞ்சிருமுங்களா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது சொல்லும் பதில் இதுதான்: "தெளியும்மா. ஆனால் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் தெளியாது. கடைசித் தசை தெளியும்வரை உள்ளே ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாம் வெளியே ஜெபித்துக்கொண்டிருப்போம்."

 கர்த்தர் உங்கள் வீடுகளையும் வேலைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.